நிற்க நேரமில்லாத நாய்கள்
ஸ்கொத்லாந்தின் எல்லைப்புறத்திற் கண்டவையும் கற்றவையும்

“நாய்க்கு வேலையுமில்லை, நிற்க நேரமுமில்லை” என்று நம்மூர்ப் பெரியவர்கள் சொல்வதைக் கேளாதார் இலர். தெருவிலே காரணமின்றி ஓடித்திரியும் நாயைக் கண்டு பிறந்த பழமொழி இது. ஆனால், வேலைக்கென்றே வளர்க்கப்பட்டு, வேலையிலேயே இன்பங் கண்டு, வேலை கிடையாதபோது மனம் பேதலித்துப்போகும் நாய்ச்சாதி ஒன்று உலகில் உண்டு. அதன் தாயகம் இங்கிலாந்துக்கும் ஸ்கொத்லாந்துக்கும் இடையே கிடக்கும் மலைநாடு. போர்டர் கொலி என்பது அந்நாயின் பெயர். ‘போர்டர்’ என்றால் எல்லை. ‘கொலி’ என்பது ஆடு மேய்க்கும் நாய்க்கு அந்நாட்டார் வழங்கும் பெயர். சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் அந்த மலைநாட்டைக் காணும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. ஆங்குக் கண்டவற்றையும், அவற்றால் ஒரு தமிழ்க் குடும்பத்தில் நேர்ந்த மாற்றத்தையும் வாசகர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

வேலையற்ற வீமன்

எடின்பரோ நகரின் புறத்தே, எமது சிறிய தந்தையாரின் மகள் வீட்டில் தங்கியிருந்தோம். கணவன், மனைவி, 12 வயதிலும் 8 வயதிலும் இரு பிள்ளைகள், இவர்களோடு வீமன் என்னும் போர்டர் கொலி. கரிய உடல், வெண்மையான கழுத்து, நுனி வெளுத்த வால், எதையோ எதிர்பார்த்தபடியே இருக்கும் கண்கள். பிள்ளைகளின் இடையறாத வேண்டுகோளுக்கு இணங்கி, ஒரு பண்ணையிலிருந்து குட்டியாக வாங்கி வந்திருந்தனர். நாம் காணும்போது அதற்கு வயது பதினான்கு மாதம்.

வீமன் அழகன், அன்புள்ளவன், அறிவிலே குறைவில்லாதவன். ஆயினும் அவ்வீட்டில் அமைதி இருக்கவில்லை. சப்பாத்துகள் ஒவ்வொன்றாகக் கிழிந்தன. சுவரில் ஒட்டிய கடதாசி உரிந்து தொங்கிற்று. வீதியிற் செல்லும் ஒவ்வொரு பஸ் வண்டியையும் யன்னலருகே நின்று அது குரைத்து வழியனுப்பியது. பிள்ளைகள் தோட்டத்தில் ஓடி விளையாடினால், சுற்றிச் சுற்றி வந்து அவர்களை ஒரு மூலைக்கு ஒதுக்கும். ஒதுங்காத பிள்ளையின் குதிக்காலைப் பல்லால் மெல்ல நெருடும். மாலை வேளைகளிற் சலவை இயந்திரத்தின் முன்னே படுத்து, உள்ளே சுழலும் துணிகளை விட்டு விழியெடுக்காமற் பார்த்துக்கொண்டிருக்கும்.

வீட்டுத் தலைவர் சோம்பியிருந்தவரல்லர். காலையில் நான்கு மைல் தூரம் நாயோடு ஓடினார். மாலையில் ஒரு மணி நேரம் பந்தெறிந்தார். விளைவு யாதெனில், அவர் களைத்தார், வீமன் களைக்கவில்லை.

“நாளுக்கு நாள் இவன்ரை ஓட்டம் கூடுதே ஒழியக் களைப்பைக் காணேல்லை, அண்ணா. வைச்சிருக்கவும் ஏலாது, குடுக்கவும் மனம் வருகுதில்லை” என்று தங்கை கண்கலங்கினார்.

கைவிடப்பட்ட நாய்களை ஏற்கும் நிலையம் ஒன்றிலிருந்து விண்ணப்பப் படிவம் ஏற்கெனவே வந்து, சமையலறை அலுமாரியின் மேலே கிடந்தது. மாத முடிவில் ஒப்படைப்பது என்பது பெற்றோரின் முடிவு. மூத்த பிள்ளை அதையறிந்த நாள் முதல் தகப்பனோடு பேசாதிருந்தாள். இந்நிலையில், தங்கையின் கணவரோடு பணிபுரியும் ஒருவர், “எதற்கும் ஒருமுறை என் மாமனாரைக் கண்டுவிட்டு முடிவு செய்யுங்கள். அவர் யரோப் பள்ளத்தாக்கில் ஆடு வளர்ப்பவர். இந்நாய்களோடு ஐம்பது ஆண்டு வாழ்ந்தவர்” என்றார். அதன்படியே ஒரு சனிக்கிழமை காலையில் நாம் அறுவரும், வீமனையும் எண்ணினால் அறுவர்தாம், புறப்பட்டோம்.

எல்லைப்புற நாடு

எடின்பரோவின் வேவர்லி நிலையத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் புகைவண்டி ஒரு மணி நேரத்துள் கலாஷீல்ஸ் என்னும் ஊரை அடைகின்றது. 1969 இல் மூடப்பட்ட இப்பாதை, மக்களின் நெடுநாள் முயற்சியால் 2015 இல் மீண்டும் திறக்கப்பட்டது. அந்நாட்டுப் புகைவண்டிகளில் நாய்க்குக் கட்டணமில்லை. இருக்கையின் கீழே படுத்திருந்த வீமன், வழி நெடுகிலும் யன்னலில் ஓடி மறையும் மரங்களைக் கண்ணால் துரத்திக்கொண்டே வந்தது.

நகரம் மறைந்ததும் நிலத்தின் தோற்றம் மாறுகின்றது. கூரிய சிகரங்கள் இல்லை; உருண்டு திரண்ட பசிய குன்றுகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போற் கிடக்கின்றன. இவற்றுக்குத் தெற்கே, இரு நாடுகளின் எல்லையில் உயர்வது செவியட் மலைத்தொடர். அதன் உச்சி 815 மீற்றர். எமது பீதுருதாலகாலையின் உயரத்தில் மூன்றிலொரு பங்குகூட இல்லை. எனினும், மழையும் மூடுபனியும் காற்றும் அக்குன்றுகளை எளிதில் நெருங்கவிடுவதில்லை. பயிர் செய்வதற்கு ஏலாத மண்; புல்லும் பன்னமும் ஹெதர் என்னும் குறுஞ்செடியுமே மண்டிக் கிடக்கும். நாம் சென்ற காலத்தில் ஹெதர் பூத்து, மலைச்சாரல் முழுவதும் கத்தரிப்பூ நிறமாய் விளங்கிற்று. குறிஞ்சியும் முல்லையும் கலந்த நிலம் என்று நம் மாணவர்கள் எண்ணிக்கொள்ளலாம்.

அவ்வெண்ணம் பொருந்துவதற்கு இன்னுமொரு காரணமும் உண்டு. 13 ஆம் நூற்றாண்டு முதல் 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை, இவ்வெல்லையின் இரு பக்கத்தாரும் இரவிலே குதிரையேறிச் சென்று, மற்றவரின் மாடுகளையும் ஆடுகளையும் கவர்ந்துவருவதைத் தொழிலாகக் கொண்டிருந்தனர். நிரை கவர்தலை வெட்சி என்றும், மீட்டலைக் கரந்தை என்றும் நம் முன்னோர் வகுத்தனரன்றோ? அவ்விரண்டும் இங்கே வாழ்க்கை முறையாகவே இருந்தன. 1603 இல் இரு நாடுகளும் ஒரே அரசரின் கீழ் வந்தபின்னரே இக்களவு ஒடுக்கப்பட்டது. வாள் உறையிற் புகுந்தது, ஆடு மலையேறியது. கலாஷீல்ஸ், செல்கேக், ஹோவிக் ஆகிய ஊர்கள் கம்பளி நெசவினாற் புகழ் பெற்றன. அக்கம்பளிக்கு மூலமான ஆட்டை மலையிலிருந்து இறக்கிக் கொணர்ந்ததோ நாய்.

ஏரிக்கரையில் ஓர் ஆயர்

கலாஷீல்ஸிலிருந்து பஸ் வண்டியிற் செல்கேக்குக்குச் சென்று, அங்கு ஒரு வாடகை மோட்டார் வண்டியை அமர்த்திக்கொண்டோம். வழி, யரோ ஆற்றின் கரையோடு மேற்கு நோக்கி வளைந்து வளைந்து செல்கின்றது. இரு மருங்கிலும் சாந்து பூசாது கல்மேற் கல்லடுக்கிய மதில்கள் மலையுச்சி வரை ஏறுகின்றன. இடையிடையே வட்டமான கற்பட்டிகள். புயல் வீசும்போது ஆடுகள் ஒதுங்குவதற்காக அவை கட்டப்பட்டவை என்று வண்டியோட்டி சொன்னார்.

ஆறு தொடங்கும் இடத்தில், ஏறத்தாழ மூன்று மைல் நீளமான சென் மேரிஸ் ஏரி பரந்து கிடக்கின்றது. அதன் தென்முனையில், மேட்டிலே ஒரு கற்சிலை. கையிற் கோலேந்தி, தோளிற் போர்வை தரித்து அமர்ந்திருப்பவர் ஜேம்ஸ் ஹொக். காலடியிலே நிமிர்ந்து பார்ப்பது அவருடைய நாய். 1770 இற் பிறந்து 1835 இல் மறைந்த ஹொக், பள்ளியிற் சில மாதங்களே பயின்ற ஆடு மேய்ப்பர். தம் முயற்சியாற் கல்வி கற்றுப் புலவராய்ப் புகழ் பெற்றவர். சிலை 1860 இல் நிறுவப்பட்டது. புலவர்க்குச் சிலை எடுப்போர் பலர். புலவரின் நாயையும் உடன் வைத்துச் சிலை எடுத்த ஊர் இது.

ஹொக் தம்மிடமிருந்த சிரா என்னும் வேறொரு நாயைப் பற்றி எழுதிவைத்துள்ள வரலாறு இங்கே குறிக்கத்தக்கது. தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட 700 ஆட்டுக்குட்டிகள் ஒரு நள்ளிரவில் வெருண்டு, மூன்று கூட்டமாய்ப் பிரிந்து மலைகளில் ஓடிவிட்டன. இருளோ கண்ணை மறைத்தது. ஹொக்கும் உதவியாளரும் விடியும்வரை தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை, நாயையும் காணவில்லை. வெறுங்கையோடு திரும்பும் வழியில், ஒரு பள்ளத்தின் அடியிலே குட்டிகளையும் அவற்றின் முன்னே காவல் நிற்கும் சிராவையும் கண்டனர். முதலில், ஒரு கூட்டத்தைத்தான் அது மீட்டது என்று எண்ணினராம். எண்ணிப் பார்த்தபோது 700 இல் ஒன்றும் குறையவில்லை! ஒருவரும் ஏவாமல், ஒருவர் துணையுமின்றி, இருளிலே தானே திட்டமிட்டு அது இவ்வேலையை முடித்திருந்தது.

மூத்த பிள்ளை இக்கதையைக் கேட்டுவிட்டு வீமனை நோக்கினாள். “அப்படியென்றால் எங்கள் வீமனும் இப்படி யோசிக்கக்கூடியவன்தானே, மாமா?” என்றாள். அவ்வளவு யோசிக்கும் அறிவு, அடைத்த வீட்டினுள்ளே நாள் முழுவதும் என்ன செய்யும் என்பதே நம் எல்லோருடைய நெஞ்சிலும் எழுந்த வினா.

கண்ணால் மேய்ப்பவை

பண்ணையார் எழுபதை எட்டியவர், உயர்ந்த, மெலிந்த உருவம், சொற்கள் சில. அவரிடம் இரண்டு நாய்கள் இருந்தன. காற்றிலே தூரம் கேட்கவேண்டும் என்பதற்காக ஆட்டு நாய்களுக்கு ஓரசைப் பெயரே வைப்பது அங்குள்ள வழக்கம். ஆண் நாயின் பெயர் மொஸ். பெண் நாயின் பெயர் நெல். ‘நெல்’ என்றதும் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தனர். அச்சொல்லின் தமிழ்ப் பொருளை அவருக்கு விளக்கினோம். அவரும் சிரித்து, “எனக்குச் சோறு போடுகிறவள் அவள்தானே, பொருத்தமான பெயர்தான்” என்றார்.

மதிலின் இப்புறம் எம்மை நிறுத்திவிட்டு அவர் ஒரு சீழ்க்கை அடித்தார். நெல் புறப்பட்டது. எதிரே அரை மைல் தூரத்தில், சரிவிலே வெண்புள்ளிகள் போல ஆடுகள். அவற்றை நோக்கி அது நேரே ஓடவில்லை. நேரே ஓடினால் ஆடுகள் சிதறிவிடும். வலப்புறமாக அகன்று, பேரிக்காயின் வடிவிலே பெரியதொரு வளைவிட்டு, முகட்டின் பின்னே மறைந்தது. சிறிது நேரம் ஒன்றும் தெரியவில்லை. பண்ணையாரும் சீழ்க்கை அடிக்கவில்லை. “இப்போது அவளுக்குத் தெரிவது எனக்குத் தெரியாது. ஆகையால் நான் வாயை மூடிக்கொள்ள வேண்டும்” என்றார். பின்னர் ஆடுகள் யாவும் ஒருசேரத் தலைநிமிர்ந்தன, மெல்ல நகர்ந்தன, திரளாய்க் கூடி எம்மை நோக்கி இறங்கின. பின்னாலே, வயிறு தரையைத் தொடும்படி பதுங்கி, ஒவ்வோர் அடியாய் வைத்து நெல் வந்தது. குரைக்கவில்லை, கடிக்கவில்லை, விழிகளை மாத்திரம் ஆடுகளின்மேல் நாட்டியிருந்தது.

இந்தப் பார்வையை அந்நாட்டு ஆயர் ‘கண்’ என்றே வழங்குகின்றனர். ஓநாய் தன் இரையைத் தேடும், பார்வையால் நிறுத்தும், பதுங்கும், துரத்தும், பிடிக்கும், கொல்லும். மனிதன் பல தலைமுறைகளாகத் தெரிந்தெடுத்து வளர்த்ததன் பயனாக, இந்நாயிடம் முதல் நான்கும் ஓங்கி, கடைசி இரண்டும் ஒடுங்கிவிட்டன. 1893 இல் எல்லையின் இங்கிலாந்துப் பக்கமான நோதம்பலண்டிலே அடம் டெல்ஃபர் என்பவரிடம் பிறந்த ‘பழைய ஹெம்ப்’ என்னும் நாய், ஓசையின்றிக் கண்ணால் மேய்க்கும் இக்கலையிற் சிறந்து விளங்கிற்று. இன்று உலகெங்குமுள்ள போர்டர் கொலிகளின் வமிசாவளி பெரும்பாலும் அதனிடமே சென்று முடிகின்றது. பிரித்தானியாவின் முதலாவது ஆட்டு நாய்ப் போட்டி 1873 இல் வேல்ஸ் நாட்டின் பாலா என்னும் ஊரில் நடைபெற்றது. சர்வதேச ஆட்டு நாய்ச் சங்கம் 1906 இல் நிறுவப்பட்டது. அச்சங்கத்தார் நாயின் நிறத்தையோ செவியின் வடிவையோ கருதாது, வேலைத்திறனையே கருதினர். ஆதலால், நூறாண்டுக்கு மேலாக இச்சாதியிற் பெருகிவந்தது அழகன்று. வேலை செய்யும் வேட்கை.

அவ்வேளை எம் பக்கத்தில் நிகழ்ந்ததொன்று எம்மைத் திடுக்கிடச் செய்தது. கழுத்துக் கயிற்றோடு நின்ற வீமன், பிறந்ததிலிருந்து ஆட்டைக் கண்ணாற் கண்டறியாத வீமன், ஒருவரும் சொல்லிக்கொடாமலே முன்காலொன்றை உயர்த்தி, உடலைத் தாழ்த்தி, நெல்லைப் போலவே விழியை நாட்டியது. எட்டு வயதுப் பையன், “எங்களையும் இப்படித்தான் பார்க்கிறவன்!” என்று கூவினான். சப்பாத்து, பஸ் வண்டி, குதிக்கால், சலவை இயந்திரம் ஆகிய யாவற்றின் விளக்கமும் எமக்கு அப்போதே புலனாயிற்று. அது குறும்பு செய்யவில்லை. ஆடில்லாத வீட்டில் ஆடு தேடிக்கொண்டிருந்தது.

ஆயர் சொன்ன மருந்து

தேநீர் அருந்தும்போது, வீமனின் அன்றாட வாழ்வைப் பற்றிப் பண்ணையார் ஒவ்வொன்றாய்க் கேட்டறிந்தார். ஓட்டத்தையும் பந்தையும் பற்றிச் சொன்னதும் தலையசைத்தார்.

“ஓட ஓட அதன் கால் உரம்பெறும், மனம் பசித்தே கிடக்கும். என் நாய்கள் நாளில் ஓடுவது சிறிது நேரம். காத்திருப்பதும் கேட்பதும் தீர்மானிப்பதுமே பெரும்பொழுது. நீங்கள் வேலையில்லாத ஓர் ஓட்டவீரனை வளர்த்திருக்கின்றீர்கள்” என்றார்.

“எங்களிடம் ஆடு இல்லையே, ஐயா!” என்றார் தங்கையின் கணவர்.

“ஆடு வேண்டியதில்லை, யோசிக்க ஒரு காரியம் வேண்டும். அது எதுவானாலும் சரி. இன்னுமொன்று: வேலையைத் தொடங்கச் சொல்லும் சொல்லைப் போல, முடிக்கச் சொல்லும் சொல்லும் வேண்டும்.”

அந்நாட்டு ஆயர்க்குச் சில சொற்களே போதும். ‘கம் பை’ என்றால் ஆடுகளை வலஞ்சுழியாகச் சுற்றவேண்டும். ‘அவே’ என்றால் இடஞ்சுழியாகச் சுற்றவேண்டும். ‘லை டவுன்’ என்றாற் படுக்கவேண்டும். இறுதியாக, ‘தட்’ல் டூ’. ‘அது போதும்’ என்பது அதன் பொருள். அச்சொல்லைக் கேட்டதும் நெல், அரைக்கணமுன் உலகையே மறந்து நோக்கிய ஆடுகளை விட்டுத் திரும்பி, வாலாட்டிக்கொண்டு வந்து அவர் காலருகே படுத்ததை நாம் கண்டோம். வேலை செய்யும் வேட்கை நாயின் இரத்தத்தில் உண்டு. நிறுத்தும் அறிவை மனிதனே கற்பிக்கவேண்டும்.

வீட்டிலே ஒரு தொழில்

எடின்பரோவுக்குத் திரும்பியபின் ஐந்து கிழமைகள் அவ்வீட்டிலே தங்கியிருந்தோம். அக்காலத்தில் அவர்கள் மேற்கொண்ட முறைகளை, நாய் வளர்க்கும் எல்லா வீட்டார்க்கும் பயன்படுமாறு இங்கே தொகுத்துரைக்கின்றோம்.

முதலாவது, கோப்பையில் இட்ட உணவு ஒழிந்தது. இரண்டு நிமிடத்தில் விழுங்கும் உணவை, இருபது நிமிடம் தேடி உண்ணுமாறு செய்தனர். உலர்ந்த உணவைத் தோட்டத்துப் புல்லிலே விதைப்பதுபோற் சிதறினர். மழை நாளிற் பழைய துவாயிலே சுருட்டி முடிச்சிட்டுக் கொடுத்தனர். கடதாசிப் பெட்டிக்குள் பெட்டி வைத்து அடியிலே ஒளித்தனர். நாய்க்கு மூக்கே முதற் கருவி. மோந்து தேடும் நாய், ஓடும் நாயிலும் விரைவில் மனநிறைவு பெற்று உறங்குவதைக் கண்ணாரக் கண்டோம். குளிரூட்டியில் உறையவைத்த உணவை அடைத்த இறப்பர்க் கூடும், நக்குவதற்கும் மெல்லுவதற்கும் உதவியது. தனியே விடவேண்டிய நேரத்தில் இது நல்ல துணை.

இரண்டாவது, பெயர் கற்பித்தல். இது மூத்த பிள்ளையின் பொறுப்பு. போர்டர் கொலியின் மொழியறிவை அறிஞர்கள் சோதித்துள்ளனர். ஜேர்மனியிலிருந்த றிக்கோ என்னும் நாய், 200 இற்கு மேற்பட்ட பொருள்களைப் பெயர் சொன்னதும் எடுத்துவந்ததோடு, கேட்டறியாத புதிய பெயரைச் சொன்னால், தெரிந்தவற்றை விலக்கிப் புதிய பொருளையே தெரிந்தெடுத்தது என்று 2004 இல் ஆய்வாளர் வெளியிட்டனர். அமெரிக்காவில் ஜோன் பில்லி என்னும் உளவியற் பேராசிரியர், சேசர் என்னும் தம் நாய்க்கு மூன்று ஆண்டுகளில் 1,022 விளையாட்டுப் பொருள்களின் பெயர்களைக் கற்பித்து, 2011 இல் அதன் முடிவை வெளியிட்டார். எங்கள் வீமனுக்கு ஐந்து கிழமையில் ஏழு பெயர்கள் வசமாயின. ‘பந்து’, ‘கயிறு’, ‘முயல்’ என்று தொடங்கி, தகப்பனாரின் ‘செருப்பு’ வரை வந்தது. முன்னர் கிழித்த பொருளையே பின்னர் பக்குவமாய் ஏந்திவந்து கொடுத்து, அதற்குப் பரிசும் பெற்றது!

ஒரு பொருளின் பெயர் நன்கு பதிந்தபின்னரே அடுத்ததைத் தொடங்கினர். பாடம் ஐந்து நிமிடத்துக்கு மேற்படவில்லை. நாளுக்கு மூன்று முறை. நாய்க்குச் சலிப்பு வருமுன் நிறுத்துவதே நல்லாசிரியரின் இலக்கணம்.

மூன்றாவது, வீட்டு உத்தியோகம். கழுவவேண்டிய காலுறைகளைக் கூடையிற் போடுதல், சிதறிய விளையாட்டுப் பொருள்களைப் பெட்டியிற் சேர்த்தல், ஒளிந்திருக்கும் பையனைத் தேடிக் கண்டுபிடித்தல் ஆகியன வீமனின் கடமைகளாயின. உலாவிலும் மாற்றம் நேர்ந்தது. விரைந்து நான்கு மைல் ஓடுவதை விட்டு, விரும்பிய இடத்தில் நின்று மோந்து பார்க்க இடங்கொடுத்து, புதிய வழிகளில் ஒன்றரை மைல் நடந்தனர். பந்து முற்றாக ஒழியவில்லை. எறிந்த பந்தை உடனே துரத்தவிடாது, படுத்துக் காத்திருந்து, சொன்னபின் தேடிவருமாறு பழக்கினர்.

நான்காவது, ‘போதும்’ என்ற சொல். ஒவ்வொரு வேலையின் முடிவிலும் தங்கை அச்சொல்லைச் சொல்லி, கைகளை விரித்துக் காட்டி, ஒரு பாயைச் சுட்டுவார். பாயிலே அமைதியாய்ப் படுத்தால் ஒரு துண்டு இறைச்சி. முதற் கிழமையில் வீமன் அரை நிமிடம் படுத்தது. ஐந்தாம் கிழமையில் நாம் உணவருந்தி முடியும்வரை படுத்தது. வேலை வேலையென்று ஓயாது ஏவினாலும் இந்நாய்கள் நிலைகொள்ளாமற் போய்விடும். நாளிற் பாதிக்கு மேற்பட்ட நேரம் உறங்குவதே நாயின் இயல்பு. அவ்வுறக்கத்தைக் காப்பதும் வளர்ப்போரின் கடமையாம்.

தவிர்க்கவேண்டியவையும் சில உள. கைவிளக்கின் ஒளியையோ லேசர்ப் புள்ளியையோ சுவரில் ஓடவிட்டு நாயைத் துரத்தச் செய்வது பலர்க்கு வேடிக்கை. பிடிக்கவே முடியாத இரை அது. போர்டர் கொலி போன்ற நாய்கள் பின்னர் நிழலையும் ஒளியையும் நாள் முழுவதும் துரத்தும் நோய்க்கு ஆளாகக்கூடும். சலவை இயந்திரத்தின் முன்னே அமரவும் வீமனை இனி விடவில்லை. பரிசாகக் கொடுக்கும் உணவில் வெங்காயம், உலர்ந்த திராட்சை, சொக்கலேற், சமைத்த எலும்பு ஆகியவை கூடா. அமைதியாயிருந்த நாய் திடீரெனக் குணம் மாறினால், அது நோவினாலும் இருக்கலாம். முதலில் மிருக வைத்தியரிடம் காட்டவேண்டும்.

வீமன் முனிவராகிவிடவில்லை. குப்பை வண்டியைக் கண்டாற் குரைப்பு எழவே செய்தது. ஆனால் சப்பாத்துகள் தப்பின, குதிக்கால்களும் தப்பின. ஒரு மாலையில் அலுமாரியின் மேலே கிடந்த விண்ணப்பப் படிவத்தைத் தங்கையின் கணவர் எடுத்து, நான்காகக் கிழித்து, வீமனின் காலை உணவைப் பொதிவதற்கென்று மகளிடம் கொடுத்தார். தந்தையும் மகளும் அன்று வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தனர்.

நம் நாட்டு வாசல்களிலே

இஃது எங்கோ குளிர்நாட்டுச் செய்தி என்று வாசகர்கள் ஒதுக்கிவிடலாகாது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் வேலைக்குப் பிறந்த நாய்கள் எத்தனையோ வாசல்களிற் சங்கிலியோடு கிடக்கின்றன. அல்சேஷன் என்று நம்மவர் அழைக்கும் நாயும் ஆடு மேய்த்த நாயே. ஜேர்மனியின் ஆட்டு நாய்களிலிருந்து, 1899 இல் மாக்ஸ் வொன் ஸ்டெபானிற்ஸ் என்பவரின் முயற்சியால் உருவான சாதி அது. லாப்ரடோர், வேட்டைக்காரன் வீழ்த்திய பறவையைத் தேடி எடுத்துவந்து கொடுப்பதற்கென வளர்க்கப்பட்டது. ஹஸ்கி, சைபீரியாவின் பனியிலே சறுக்குவண்டி இழுத்தது. இவற்றை வாங்கிவந்து, தொடர்மாடியின் ஒரு மூலையிலோ வாசற்கதவின் பக்கத்திலோ கட்டிவைத்துவிட்டு, ஓயாமற் குரைக்கின்றதே, செடியைத் தோண்டுகின்றதே என்று கோல் எடுப்பது நியாயமாகுமோ?

விலையுயர்ந்த விளையாட்டுக் கருவிகள் தேவையில்லை. மூன்று சிரட்டைகளைக் கவிழ்த்து, ஒன்றின் கீழே மீனும் சோறும் சேர்த்த உருண்டையொன்றை வைத்து, எதன் கீழே உள்ளதென்று கண்டுபிடிக்கச் சொல்லலாம். பழைய சாக்கினுள்ளும் பனையோலைப் பெட்டியினுள்ளும் உணவை ஒளிக்கலாம். வெயிலேறுமுன் காலையிலும் வெயில் தாழ்ந்தபின் மாலையிலும் மெல்ல உலாவச் செய்து, ஒவ்வொரு வேலிக்காலையும் மோந்து பார்க்கவிடலாம். பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் நாளுக்குப் பத்து நிமிடம் ஆசிரியராயிருந்தாற் போதும். பொறுமையும், ஒரு சொல்லை ஒரே பொருளிற் சொல்லும் ஒழுங்கும் கற்பிப்போர்க்கும் வந்துசேரும்.

எவ்வளவு முயன்றும் ஒரு நாய்க்கு ஏற்ற வாழ்வை அளிக்க முடியாத வீடுகளும் உண்டு. அவர்கள் தக்க வேறொரு குடும்பத்தைத் தேடிக் கொடுப்பதிற் பழியில்லை. ஆயினும் அந்த நோவை முன்கூட்டியே தவிர்க்க வழி உண்டு. மகளுக்குச் சம்பந்தம் பேசும்போது, மாப்பிள்ளைக்கு என்ன உத்தியோகம் என்று ஏழு வீட்டில் விசாரிக்கின்றோம். நாய்க்குட்டி வாங்கும்போதோ நிறத்தையும் விலையையும் மாத்திரம் கேட்கின்றோம். இனிமேல் அதன் பாட்டனுக்கு என்ன உத்தியோகம் என்றும் ஒரு வார்த்தை கேட்போமாக. அவ்வுத்தியோகத்தின் சிறு பகுதியையாவது நம் வீட்டில் அளிக்க இயலுமானால், குட்டியை மகிழ்ச்சியோடு ஏந்தி வரலாம். இயலாதாயின், வேறு சாதிக் குட்டியொன்று நமக்காக எங்கோ காத்திருக்கும்.